பொதட்டூர்பேட்டை சாலையில் ஒன்பதாம் எண் மரம்

கருத்தரங்கு முடிந்து ஊருக்கு விமானம் ஏற எனக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. உடன் வந்தவர்கள் மாமல்லபுரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் கிளம்பினார்கள். நான் திருத்தணிக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் எட்டு மாதமாக என்னோடு ஒத்துப்போக மறுத்துக்கொண்டிருந்தாள்.

நான் மலேசியாக்காரி. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தாவரக் காப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. காட்டிலிருந்து வரும் கிளைகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, இது இன்ன மரம் என்று பெயர் எழுதி அலமாரியில் வைப்பது எங்கள் தொழில். அதில் என் பங்கு குங்கிலியக் குடும்பம். எங்கள் காட்டில் இருநூறு அடி உயரத்துக்கு நிற்கும் மெரந்தி மரங்களெல்லாம் அந்தக் குடும்பம்தான். ஓர் இலையைக் காட்டினால் பெயர் சொல்லிவிடுவேன் என்று அலுவலகத்தில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நானும் கொஞ்சம் நம்பியிருந்தேன்.

மரத்தின் படத்தைப் போட்டுப் பெயர் கேட்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். அதில் பொதட்டூர்பேட்டையிலிருந்து சுகுணா என்பவள் ஒரு படம் போட்டிருந்தாள். பெரிய மரம், அடியில் துளிர்த்த நாலைந்து இலைகள், தண்டில் சிவப்புப் பெயின்ட்டில் 9 என்ற எண். நான் இரண்டே நிமிடத்தில் பதில் எழுதினேன்: "ஜாலாரி. ஆந்திர எல்லைக் குன்றுகளில் நிறைய உண்டு." அடுத்த நிமிடமே அவள் பதில் வந்தது: "இல்லைங்க மேடம். ஜாலாரி எனக்குத் தெரியும். இது வேற."

வேறு என்று அவள் சொன்னது தம்பகத்தை. ஜாலாரிக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் உலகத்திலேயே இந்தப் பக்கத்துக் காய்ந்த மலைகளில் மட்டும், அதுவும் அங்கங்கே கொஞ்சமாக வளர்வது. ஆசைப்பட்டு அரிய பெயரைச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவளும் அப்படித்தான் என்று நினைத்தேன். "பூவைப் பார்க்காமல் சண்டை போட வேண்டாம், பூ பொய் சொல்லாது" என்று எழுதிப் பேச்சை முடித்தேன்.

போன மாதம்தான் அந்த 9-க்கு அர்த்தம் சொன்னாள். அவர்கள் பக்கத்துச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். வெட்ட வேண்டிய மரங்கள் பதினான்கு. பட்டியலில் வேம்பு, புளி, புங்கன் என்று எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. ஒன்பதாவதுக்கு எதிரே மட்டும் "இதர" என்று போட்டிருந்தது. அரிய மரம் என்று தெரிந்தவர் யாராவது எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம் என்று சாலைப் பொறியாளர் சொல்லியிருந்தாராம்.

"நீங்க தப்பு சொன்னாலும் பரவால்ல மேடம். வந்து பாத்துட்டு சொல்லுங்க," என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை நான் ஏறிய மின்சார ரயில் அரக்கோணத்தோடு நின்றுவிட்டது. திருத்தணிவரை போகும் என்று நானாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி காலியாகி, துடைப்பத்தோடு ஒருவர் ஏறியபோதுதான் தெரிந்தது. அடுத்த வண்டிக்கு ஒன்றேகால் மணி நேரம். நடைமேடையில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீ சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். "அங்க வெள்ளரிக்கா கெடைக்குமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒன்றைப் பிளந்து மிளகாய்ப்பொடி தடவிக் கையில் கொடுத்தார். அன்றைக்கு இருந்த வெயிலில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

எங்கள் ஊர் வெயில் ஈரமானது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மார்ச் மாதத் திருத்தணி வெயிலில் வியர்வை வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. ரயில் நிலையத்துக்கு வெளியே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் நிழல் தேடி நின்றன. எனக்கு முதல் வேலை இட்லி. சிவப்பாக ஒரு காரச் சட்னி, வேர்க்கடலையில் ஒரு சட்னி. இட்லி சின்னதாக இருந்தது. சட்னியை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினேன். காரம் எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பலுக்குக் குறைந்ததில்லை, ஆனால் அது நாக்கின் நுனியில் பிடிக்கும், இது தொண்டையில் போய் உட்காருகிறது.

சாயங்காலம் மலைக்குப் படியேறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படி என்கிறார்கள். நான் எண்ணவில்லை, படியோரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டே போனதில் எண்ணிக்கை விட்டுப்போனது. எங்கள் ஊர்ப் பத்துமலை முருகன் கோயிலில் படியேறும்போது குரங்குகளிடம் பையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இங்கேயும் அதே வேலைதான். மேலே நின்று வடக்கே பார்த்தால் ஆந்திரப் பக்கத்துக் குன்றுகள் பாறையும் புதருமாக வரிசையாகத் தெரிந்தன. மழைக்காட்டில் வளர்ந்த என் கண்ணுக்கு அங்கே குங்கிலியக் குடும்பத்து மரம் எதுவும் நிற்கும் என்றே தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை காதர் பாயின் ஆட்டோவில் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். அவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மெக்கானிக், சவாரியும் ஓட்டுகிறார். ஐம்பது வயதிருக்கும். மரத்தைப் பார்க்க மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார்.

"அங்க மரமே இல்லியா மேடம்?"

"நிறைய இருக்கு."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க?"

சொன்னேன். வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கியபோது, "அதாவது, ரெண்டு வண்டி பாக்க ஒரே மாதிரி, ஆனா இஞ்சின் வேற. பானட்டைத் தொறந்தாதான் தெரியும். அதான?" என்றார். அதுதான். இருபத்திரண்டு வருடத்தில் என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

பொதட்டூர்பேட்டையில் தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். ஆட்டோவை விட்டு இறங்கியவுடன் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டிப் பேச வேண்டியிருந்தது. சுகுணாவின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. நாலிலும் கட்டம்போட்ட லுங்கி. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லியான பெண், காதில் பஞ்சு, தலையில் நூல் தூசி, ஒரு தறியிலிருந்து மறு தறிக்கு நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நாலையும் நிறுத்தினாள்.

"வந்துட்டீங்களா. சாப்பிட்டீங்களா?"

பன்னிரண்டாம் வகுப்பில் தாவரவியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள். மேலே படிக்கவில்லை, கல்யாணம், தறி, இரண்டு பெண்கள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் குறை எதுவும் இல்லை. "கரண்ட் போனா தறி நிக்கும். தறி நின்னா நான் மரம் பாக்கப் போயிடுவேன். இந்தப் பக்கம் கரண்ட் அடிக்கடி போவும்ங்க," என்று சிரித்தாள்.

கேழ்வரகுக் களியும் புளிச்சகீரைக் கடைசலும் போட்டாள். களியைக் கையால் பிய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று செய்து காட்டினாள். நான் மென்றேன். பாய் தலையை ஆட்டிக்கொண்டு எனக்காக வருத்தப்பட்டார்.

சாப்பிட்டதும் கொட்டகையின் மூலையில் அடுக்கியிருந்த லுங்கிக் கட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். அடியில் அட்டைகள், அட்டைகளுக்கு நடுவே செய்தித்தாள், செய்தித்தாளுக்குள் இலைகள். லுங்கிக் கட்டின் கனத்தில் அழுந்தி, ஒரு சுருக்கம் இல்லாமல் காய்ந்திருந்தன. எங்கள் காப்பகத்தில் இதற்கென்று இரும்பு அழுத்தி வைத்திருக்கிறோம். இவ்வளவு நேர்த்தி அதில் வராது.

இடப்பக்கம் ஜாலாரி இலைகளைப் பரப்பினாள். "இதெல்லாம் எங்க அக்கா ஊருல எடுத்தது, நகரிப் பக்கம். அக்கா புருஷன், எங்க பாவா வூட்டுக்குப் பின்னாலயே குன்று. பதினோரு மரத்துல எடுத்தேன்." வலப்பக்கம் ஒன்பதாம் எண் மரத்தின் இலைகள். "இது ஒரு மரம்தான். ஆனா எட்டு மாசமா காத்துல மேலேர்ந்து ஒடிஞ்சு விழுந்ததெல்லாம் எடுத்துருக்கேன்."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இடப்பக்கத்து இலைகள் நீள்சதுரம், அடி மழுங்கல். வலப்பக்கத்தவை அகலம், அடிப்பகுதி இதய வடிவத்தில் உள்வாங்கியிருந்தது, காம்பும் நீளம். வாட்ஸ்அப்பில் நான் பார்த்தது அடிமரத்துத் துளிர் இலை. துளிர் இலையை வைத்துப் பெயர் சொல்லக்கூடாது என்று வருடா வருடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.

ஜாலாரியிலும் இலை கொஞ்சம் மாறும், ஒரே மரத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று வாய்விட்டுச் சொன்னேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மரம் ஊருக்கு வெளியே, சாலை ஒரு குன்றின் அடியைச் சுற்றும் இடத்தில் நின்றது. எழுபது அடியாவது இருக்கும். வெடித்த கரும்பட்டை. நாற்பது அடிவரை கிளையே இல்லை. உச்சியில் மட்டும் வெளிர் மஞ்சளாகப் பூ விரியத் தொடங்கியிருந்தது. பூவுக்குள் பார்த்தால் சண்டை முடிந்துவிடும்: ஜாலாரிப் பூவில் மகரந்தம் தாங்கும் கேசர இழைகள் பதினைந்து, தம்பகத்தில் அதைவிட நிறைய. எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆனால் ஒரு பூ கூட உதிரவில்லை. நானும் சுகுணாவும் அரை மணி நேரம் முழங்காலிட்டுத் தேடினோம். போன வருடத்துச் சிறகுக் காய் இரண்டு கிடைத்தது. அது இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் ஊரில் உயரத்துக் கிளைக்குக் கவணில் கயிறு கட்டி எய்வோம். பாய் ஆட்டோவின் கயிற்றில் ஒரு நட்டைக் கட்டி எறிந்து பார்த்தார். நட்டு மரத்திலேயே தங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து சுகுணாவின் போன் அடித்தது. பொறியாளர். நாளைக் காலை வெட்டுகிற ஆட்கள் வருகிறார்கள், கடிதம் இருந்தால் இன்றே கொடுங்கள் என்றார்.

மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தோம். நான் ஒரு வழி சொன்னேன். ஜாலாரி என்றே எழுதித் தருகிறேன், வயதான மரம், விதை மரமாக வைத்துக்கொள்ளலாம் என்று கூடவே இரண்டு வரி சேர்க்கிறேன். ஒருவேளை கேட்பார்கள்.

சுகுணா சிறகுக் காய் இரண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்தாள். பிறகு, "தப்பான பேரு எழுதறதுக்கு, அது இதரன்னே இருந்துட்டுப் போவட்டுங்க," என்றாள்.

"மரம் போயிடுமே, சுகுணா."

"நாளிக்கு காலைல பூவ பாத்துடலாம். பூ பொய் சொல்லாதுன்னு நீங்கதான எழுதினீங்க?"

"எப்படிப் பார்ப்ப? யார் ஏறுவா?"

"தெரியலைங்க. காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க."

புதன்கிழமை ஆறு மணிக்கே பாய் வந்துவிட்டார். பாதி வழியில் ஆட்டோவின் கிளட்ச் வயர் அறுந்தது. ஊருக்கெல்லாம் வண்டி பார்க்கிறவர், தன் வண்டிக்கு மாற்று வயர் வைத்திருக்கவில்லை. சாலையின் இரு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை, ஒரு மனிதர் இல்லை. மணி ஆறு நாற்பது. வாட்ஸ்அப்பில் சுகுணாவின் செய்தி: "ஆளுங்க வந்துகினு இருக்காங்க."

அரக்கோணத்திலிருந்து நூல் மூட்டை ஏற்றிவந்த ஒரு வேன் நின்றது. முன்னால் இடமில்லை. மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தேன். பாய் தன் ஆட்டோவைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஏறினார்.

"நீங்க வண்டியைப் பாருங்க பாய்."

"வண்டி எங்கயும் போவாது மேடம். இது இன்னா மரம்னு எனக்கும் தெரியணும்."

நூல் மூட்டை மாதிரி சொகுசான இருக்கையில் நான் எந்த விமானத்திலும் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ரம்பச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

கேட்கவில்லை. மரம் நின்றது. மரத்தடியில் நாலு ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் சுகுணா பெரிய பாத்திரத்தோடு உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். ரம்பம் ஓரமாகப் படுத்துக் கிடந்தது.

"சாப்பிடறவங்கள வேலைக்கு எழுப்ப மேஸ்திரிக்கே மனசு வராதுங்க," என்று எழுந்து வந்து என் காதருகே சொன்னாள். "ரெண்டாவது உருண்டை போவுது. சீக்கிரம்."

நால்வரும் நகரிப் பக்கத்துக்காரர்கள், தெலுங்கு பேசினார்கள். மரமேறி கிளை கழிக்கிறவர் முனிரத்னம், கயிறு மாதிரி முறுக்கிய உடம்பு. சுகுணா அவரிடம் தெலுங்கில் கேட்டாள், உச்சியிலிருந்து ஒரே ஒரு பூங்கொத்து வேண்டும் என்று. அவர் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "முழு மரத்தையும் எறக்கச் சொல்லி அவங்க கூப்ட்டாங்க. நீங்க ஒரு கொத்து கேக்கறீங்க. ரெண்டுக்கும் ஏறத்தான் வேணும், ஏறறேன்னு சொல்றாரு."

இடுப்பில் கயிறு, காலில் தளை. பார்க்கவே எனக்குக் கழுத்து வலித்தது. இருபது நிமிடம். மேலே அவர் சின்னதாகத் தெரிந்தார். பிறகு ஏதோ கத்தினார். என்ன என்று கேட்டேன். "எறும்பு கடிக்குதாம்," என்றாள். இறங்கி வந்தபோது கொத்தைத் தலைப்பாகைத் துண்டில் பொதிந்து முதுகில் கட்டியிருந்தார். ஓர் இதழ்கூடக் கசங்கவில்லை.

லுங்கி லேபிள் ஒன்றின் வெள்ளைப் பின்புறத்தில் பூவை வைத்தேன். குண்டூசியால் இதழ்களை விலக்கி, கைலென்ஸைக் கண்ணில் வைத்தேன். சுற்றி ஆறு தலைகள் குனிந்தன. நிழல் விழுகிறது என்று சுகுணா எல்லோரையும் பின்னால் தள்ளினாள்.

ஒவ்வொன்றாகக் குண்டூசியால் எடுத்து வைத்து எண்ணினேன். ஐந்து. பத்து. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. பதினைந்து.

பூவுக்குள் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"பதினஞ்சுக்கு மேல போவுதா?" சுகுணாவின் குரல் மெல்லியதாக வந்தது.

நான் எண்ணிக்கொண்டே போனேன். இருபது. இருபத்தைந்து. முப்பதைத் தாண்டியதும் நிறுத்தினேன். சரிபார்க்க இரண்டாவது பூவைப் பாயிடம் கொடுத்தேன். கார்புரேட்டர் துளையைச் சுத்தம் பண்ணுகிற கை அது, ஓர் இழைகூட ஒடியவில்லை. அவர் வாய்விட்டு எண்ணினார். "முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு… இன்னும் இருக்குது மேடம்."

நான் எழுந்து நின்றேன். முழங்காலில் மண். இருபத்திரண்டு வருடத்தில் நான் பெயர் தவறாகச் சொன்னது இது முதல் தடவை இல்லை. ஆனால் தவறென்று தெரிந்ததும் இவ்வளவு சந்தோஷம் வந்தது முதல் தடவை.

"தம்பகம்," என்றேன். "நீ சொன்னதுதான் சரி, சுகுணா. நான் தப்பு."

அவள் குதிக்கவில்லை, அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆங்," என்றாள். "எட்டு மாசமா சொல்லிகினு இருக்கேன்." பிறகு முனிரத்னத்துக்கு மூன்றாவது உருண்டையைப் போட்டாள்.

பொறியாளர் ஒன்பதரைக்கு வந்தார். இளைஞர், நேரத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் சுருங்கியது. நான் லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். முதலில் தலைகீழாகப் பிடித்தார். பாய் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார்.

"சரிங்க, நெறைய இருக்கு. அதனால இன்னா?"

சுகுணாதான் சொன்னாள். "சார், இந்த மரம் ஒலகத்துலயே இந்தப் பக்கத்து மலைங்கள்ல மட்டும்தான் இருக்குது. அமெரிக்காவுல இல்ல, ஆப்பிரிக்காவுல இல்ல, இவங்க மலேசியாக் காட்டுல இல்ல. நம்ப ரோட்டு மேல இருக்குது."

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். அதுவரை அவர் அதை அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பிறகு சாலையின் மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கே தண்ணீரில்லாத கால்வாயும் சீமைக் கருவேலமும்தான். காலால் அடி அளந்து நடந்தார். திரும்பி வந்து, "எனக்கு லெட்டர் வேணும். கையால எழுதினாலும் போதும். மேல பேசிப் பாக்கறேன்," என்றார்.

களிப் பாத்திரத்தின் மூடியை மடியில் வைத்து அதன் மேல் கடிதம் எழுதினேன். தாவரவியல் பெயரை ஆங்கிலத்திலும் மற்றதைத் தமிழிலும் எழுதினேன். அவர் தன் பட்டியலை எடுத்து "இதர" என்பதை அடித்தார். தம்பகமா, தம்பாகமா என்று கேட்டார். "தம்பகம். 'ப'வுக்குக் கால் கெடையாது சார்," என்று சுகுணா சொல்லிக்கொடுத்தாள்.

அவர் மேலே பேசிப் பதில் வரப் பன்னிரண்டே கால் ஆயிற்று. அதுவரை ஆட்கள் மற்ற மரங்கள் பக்கமும் போகவில்லை. வேலை முழுவதும் நின்றது. ஒரு கட்டத்தில் எட்டுப் பேரும் மரநிழலில் வரிசையாக உட்கார்ந்து அவருடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். நான் அதையும் தப்பாக மென்றேன்.

போன் வந்தது. அவர் தள்ளிப்போய்ப் பேசினார். "சரிங்க சார், சரிங்க சார்" மட்டும் கேட்டது. திரும்பி வந்து ஆட்களைப் பார்த்து, "ஒம்போத விட்டுடுங்க. ரோடு அந்தப் பக்கம் வளைஞ்சு போவும்," என்றார்.

தமிழ் புரியாத இருவருக்கு முனிரத்னம் தெலுங்கில் சொன்னார். அவரே அரிவாளை எடுத்துப் போய், பட்டைக்குக் காயம் படாமல் மேல் செதிலை மட்டும் சுரண்டினார். சிவப்பு 9 தூளாக உதிர்ந்தது. சுகுணா அதை நின்று கடைசிவரை பார்த்தாள். பாய் யாருக்கோ போன் போட்டு, "ஜெயிச்சிட்டோம்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளட்ச் வயர் கொண்டுவரச் சொல்ல மறந்துவிட்டு, மறுபடி போன் போட்டார்.

கிளம்பும்போது முனிரத்னம் சுகுணாவிடம் இன்னொன்று சொன்னார். உச்சியில் நின்று பார்த்தபோது குன்றின் பின்பக்கத்து மடிப்பில் இதே பூ தெரிந்ததாம். ஒரு மரமில்லை, சில மரங்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் அந்த மடிப்புக்கு ஏறினோம். பாதை இல்லை. முள், பாறை, கள்ளி. பாய் செருப்போடு வந்து ஒரு செருப்பைத் தொலைத்தார். பாறை இடுக்கில் மழைத்தண்ணீர் ஓடிய தடம் ஒன்று இருந்தது, அதன் இரண்டு கரையிலும் அவை நின்றன. சுகுணா கையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பெரியது ஏழு. முழங்கால் உயரக் கன்றுகளை எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் சிரிப்பு வந்து நிறுத்திவிட்டாள்.

எங்கள் மழைக்காட்டில் இந்தக் குடும்பத்து மரங்கள் பூக்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அங்கே மண் கறுப்பு, கால் புதையும். இங்கே வெறும் பாறை, இத்தனை மாதமாக மழையில்லை. இங்கே நின்று, இந்த மரங்கள் தலை நிறையப் பூத்திருந்தன. ஒரு பாறையில் உட்கார்ந்து கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டோம்.

மத்தியானம் சுகுணாவின் கொட்டகைக்குத் திரும்பியபோது மின்சாரம் இல்லை. தறிகள் நின்றிருந்தன. புதன்கிழமை முனிரத்னம் இறக்கிய பூங்கிளை லுங்கிக் கட்டுக்கு அடியில் ஒரு நாள் இருந்திருந்தது. வெளிநாட்டுக்காரி நான், இங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துப்போக எனக்கு அனுமதி கிடையாது. சென்னையில் ஒரு கல்லூரிக் காப்பகத்தில் இருக்கும் தோழியிடம் பேசியிருந்தேன். சுகுணா அனுப்பினால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

கிளையோடு வைக்கவேண்டிய சீட்டைத் தரையில் விரித்து எழுதினேன். இடம், மண், உயரம், பட்டை, பூவின் நிறம். சேகரித்தவர் என்ற இடத்தில் சுகுணாவின் பெயரையும் முனிரத்னத்தின் பெயரையும் எழுதினேன். அதற்குக் கீழே ஒரு கோடு மிச்சம் இருந்தது. எங்கள் தொழிலில் அந்தக் கோட்டுக்காகத்தான் ஆட்கள் சண்டை போடுவார்கள். அந்தக் கோட்டில் என் பெயர் ஆயிரக்கணக்கான சீட்டுகளில் இருக்கிறது.

பேனாவை அவளிடம் நீட்டினேன்.

"இதுல இன்னா எழுதணும்?" சீட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். "'தீர்மானித்தவர்'னா யாரு?"

"இது என்ன மரம்னு சரியா சொன்னவங்க."

பாய் என்னைப் பார்த்தார். சுகுணா கையைப் புடவையில் துடைத்தாள்.

"அப்ப அது நான்தாங்க," என்று சொல்லிவிட்டு, தன் முழுப் பெயரையும் நிதானமாக, ஓர் எழுத்து விடாமல் எழுதினாள்.